கேளுங்க, சொல்றேன்: இந்த வாரம் முழுக்க ஐரோப்பா

போன இதழ்ல பிரான்ஸ் பத்தி வந்த ஒரே ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் போட்டேன், அதுக்கப்புறம் வந்து குவிஞ்சது பூரா ஐரோப்பா கேள்விதான். சிபிஎஃப், பள்ளிச் சேர்க்கை, நடிகர் சண்டை கேள்வியெல்லாம் அடுத்த வாரத்துக்கு தள்ளி வச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: பெல்ஜியத்துல ஒன்றரை வருஷம் அரசாங்கமே இல்லாம இருந்துச்சாமே, நெசமா? நம்ம சிங்கப்பூர்ல 2025 மே 3ல ஓட்டு போட்டோம், 23ஆம் தேதி அமைச்சரவை பதவி ஏத்துக்கிச்சு. அங்க டீச்சருக்கு சம்பளம் யார் போட்டா, குப்பைய யார் அள்ளுனா? (ஈசூன் வாசகர்)

நெசம்தான் அண்ணே. 541 நாள். 2010 ஜூன் 13ல தேர்தல், எலியோ டி ரூப்போ பிரதமரா பதவி ஏத்துக்கிட்டது 2011 டிசம்பர் 6. ஆனா அரசாங்கமே இல்லன்னு சொல்றது பாதிதான் சரி, ஏப்ரல்லயே ராஜினாமா பண்ணிட்ட இவ் லெத்தெர்மோட பழைய அமைச்சரவை காபந்து அரசா அப்படியே ஒக்காந்திருந்துச்சு. பெருசா புது திட்டம் எதுவும் போட முடியாது, பட்ஜெட்டுக்கு போன வருஷத்து கணக்க எடுத்து மாசாமாசம் பன்னெண்டுல ஒரு பங்குன்னு செலவு பண்ணிக்கணும். பள்ளிக்கூடமெல்லாம் எப்பவோ மத்திய அரசு கைய விட்டுப் போயாச்சு, குப்பை உள்ளூர் நிர்வாகத்தோட வேலை, அதனால நீங்க கேட்ட ரெண்டுமே நிக்கல. இந்த காபந்து அரசுதான் 2010 ரெண்டாவது பாதில ஐரோப்பிய ஒன்றியத்தோட சுழற்சித் தலைமையயும் பாத்துக்கிச்சு, 2011ல லிபியாவுக்கு எஃப்-16 விமானமும் அனுப்புச்சு, கேட்டா காபந்துங்கறாங்க.

ஏன் இவ்ளோ இழுத்துச்சுன்னா, மொழி. வடக்க டச்சு பேசறவங்க, தெற்க பிரெஞ்சு பேசறவங்க, கிட்டத்தட்ட எல்லா கட்சியும் மொழிவாரியா ரெண்டா பிரிஞ்சு கெடக்கு. டச்சு பேசறவன் பிரெஞ்சுக் கட்சிக்கு ஓட்டு போடணும்னாலும் அவன் தொகுதில அந்தக் கட்சி பேரு ஓட்டுச் சீட்டுலயே இருக்காது, பிரஸ்ஸல்ஸ் பக்கம் மட்டும்தான் ரெண்டும் சந்திக்கும். அந்த பிரஸ்ஸல்ஸையும் அத சுத்தி இருக்கற டச்சு ஊர்களையும் ஒரே தொகுதியா வச்சிருக்கறதா, பிரிக்கறதாங்கற சண்டைலதான் மாசக்கணக்கா பேச்சு நின்னுச்சு. மொழிச் சண்டை எப்படி போகும்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம். 2011 பிப்ரவரில, அரசாங்கம் அமைக்க அதிக நாள் எடுத்த ஈராக்கோட சாதனைய முறியடிச்சிட்டோம்னு சொல்லி மாணவர்கள் தெருவுல எறங்கி உருளைக்கிழங்கு வறுவல இலவசமா குடுத்து கொண்டாடுனாங்க, கோவமும் கிண்டலும் கலந்த கூட்டம் அது.

முடிச்சு வச்சது மக்களும் இல்ல, மன்னரும் இல்ல. 2011 நவம்பர் கடைசில பெல்ஜியத்தோட கடன் தரத்த தரமதிப்பீட்டு நிறுவனம் ஒரு படி எறக்குச்சு, யூரோ நெருக்கடி உச்சத்துல இருந்த நேரம், வட்டி ஏற ஆரம்பிச்சது, ஒன்றரை வருஷமா பேசி தீராத விஷயம் அடுத்த சில நாள்ல தீந்துருச்சு. இப்ப 2024 ஜூன் தேர்தலுக்கு அப்புறம் பார்ட் டி வேவர் பதவி ஏத்தது 2025 பிப்ரவரில, கிட்டத்தட்ட எட்டு மாசம், அந்த ஊருக்கு இது வேகம்தான். டி வேவர் யாருன்னா ஃபிளாண்டர்ஸ் தனி நாடா ஆகணும்னு கட்சி நடத்துனவர், இப்ப பெல்ஜியத்துக்கே பிரதமர்.

நம்ம ஊர்ல 20 நாள்ல முடிஞ்சதுக்கு காரணம் சுறுசுறுப்பு மட்டும் இல்ல அண்ணே, ஒரே கட்சிக்கு தனி மெஜாரிட்டி, பேரம் பேச எதிர்ல ஆளே இல்ல. நெதர்லாந்துல 2021 தேர்தலுக்கு அப்புறம் 299 நாள் ஆச்சு. பல்கேரியா கதை இன்னும் மோசம், 2021 ஏப்ரல்லேர்ந்து 2024 அக்டோபருக்குள்ள ஏழு பொதுத்தேர்தல், மை காயறதுக்குள்ள அடுத்த தேர்தல்.

கேள்வி: ஐரோப்பா முழுக்க வலதுசாரி அலைன்னு செய்தில சொல்றாங்க. அப்படின்னா ஏன் சில நாட்டுல அவங்க ஆட்சில இருக்காங்க, சில நாட்டுல கதவுக்கு வெளில நிக்கறாங்க? (பாலிடெக்னிக் மாணவி, உட்லண்ட்ஸ்)

இந்த வாரத்துலயே நல்ல கேள்வி இதுதான் தங்கச்சி, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

அலைங்கற வார்த்தைய தலைப்பு எழுதறவங்க கண்டுபிடிச்சது, எழுத சுலபம். ஓட்டு கணக்க எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாரு. இத்தாலில 2022ல மெலோனி கட்சிக்கு 26%, அவங்க பிரதமர். ஆஸ்திரியாவுல 2024ல சுதந்திரக் கட்சிக்கு கிட்டத்தட்ட 29%, முதல் இடம், ஆட்சில இல்ல. ஜெர்மனில 2025 பிப்ரவரில ஏஎஃப்டிங்கற வலதுசாரிக் கட்சிக்கு 20.8%, ரெண்டாவது இடம், யாரும் பக்கத்துல சேர்க்கல. ஸ்வீடன்ல 2022ல அதே மாதிரி கட்சிக்கு 20.5%, அமைச்சர் பதவி கெடையாது ஆனா அவங்க ஆதரவு இல்லாம அரசு நிக்காதுங்கறதால கொள்கை அவங்களுது. பிரிட்டன்ல 2024ல ரீஃபார்ம் கட்சிக்கு 14.3%, 650ல வெறும் 5 சீட். மெலோனிய விட மூணு சதவீதம் கூட வாங்குன ஆஸ்திரியாக்காரர் வெளில நிக்கறார், அவங்க உள்ள இருக்காங்க. மக்கள் மனசு நாட்டுக்கு நாடு வித்தியாசமா இருக்கறது உண்மைதான், ஆனா அத விட பெரிய வித்தியாசம் ஓட்ட சீட்டா மாத்தற முறைலயும், மத்த கட்சிங்க எடுக்கற முடிவுலயும் இருக்கு. இத பாக்காம வெறும் சதவீதத்த பாத்து பேசறவங்கள நான் நம்பறதே இல்ல.

ஜெர்மனிய எடுத்துக்க. அங்க 5% ஓட்டு வாங்காத கட்சி பொதுவா உள்ளயே வர முடியாது, 1920கள்ல சின்னச் சின்ன கட்சியா சிதறி கடைசில எங்க போய் முடிஞ்சதுன்னு பாத்து பயந்து வச்ச வேலி அது. 2025ல சாரா வாகன்கினெக்ட் கட்சி 4.98%ல நின்னுச்சு, பத்தாயிரம் ஓட்டுக்கும் கம்மியாதான் கொறஞ்சது. அது உள்ள வந்திருந்தா, சான்சலர் (அங்க பிரதமர் மாதிரி) ஆன மெர்ஸோட கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேந்தாலும் மெஜாரிட்டி வந்திருக்காது, மூணாவது கட்சி ஒண்ண தேடி அலைஞ்சிருக்கணும், மொத்த ஆட்சியே வேற மாதிரி ஆயிருக்கும், எல்லாம் ஒரு சின்ன ஊர் அளவு ஓட்டுல. அப்படி கூட்டணி போட்டும் மெர்ஸ் மே 6ஆம் தேதி நாடாளுமன்றத்துல சான்சலர் பதவிக்கான முதல் ஓட்டெடுப்புல தோத்துட்டார், 316 வேணும், 310தான் வந்துச்சு, சொந்த ஆளுங்களே ரகசிய ஓட்டுல காலை வாரிட்டாங்க. போருக்குப் பிந்தின ஜெர்மனில அப்படி நடந்ததே இல்ல, சாயந்திரம் ரெண்டாவது தடவைலதான் ஜெயிச்சார்.

நெதர்லாந்துல நேர் எதிர். வேலியே இல்ல, மொத்த ஓட்ட 150ஆல வகுத்து வர்ற எண்ணிக்கை உன் கட்சிக்கு இருந்தா ஒரு சீட்டு, ஒரு சதவீதம் கூட தேவையில்ல. அதனால பதினஞ்சு கட்சி உள்ள இருக்கும், எவ்ளோ பெரிய கட்சியும் பாதிய நெருங்கவே முடியாது. 2023 நவம்பர்ல வலதுசாரித் தலைவர் வில்டர்ஸ் 37 சீட் வாங்கி முதல் இடம் வந்தார், மத்தவங்க "கூட்டணிக்கு சரி, ஆனா நீங்க பிரதமர் ஆகக்கூடாது"ன்னுட்டாங்க, கடைசில எந்தக் கட்சிலயும் இல்லாத முன்னாள் உளவுத்துறைத் தலைவர் டிக் ஸ்கோஃப பிரதமரா ஒக்கார வச்சாங்க. பதினோரு மாசம் ஓடுச்சு, அகதி விவகாரத்துல வில்டர்ஸ் வெளில போனார், 2025 அக்டோபர்ல மறுபடி தேர்தல், 37 வந்து 26 ஆச்சு. நடுநிலை தாராளவாதி கட்சி டி66க்கும் அதே 26, கொஞ்சம் ஓட்டு வித்தியாசத்துல முதல் இடம். "வலதுசாரி தோத்துச்சு"ன்னு அடுத்த நாள் தலைப்பு வந்துச்சு, அவர் இழந்த ஓட்டுல நெறைய பக்கத்துல இருக்கற வேற ரெண்டு வலதுசாரிக் கட்சிக்குத்தான் போச்சு, அந்த ரெண்டும் 9, 7ன்னு ஏறிடுச்சு, இத யாரும் தலைப்புல போடல. இன்னொண்ணு, வில்டர்ஸ் கட்சில அதிகாரப்பூர்வ உறுப்பினர் ஒரே ஒருத்தர்தான், அது வில்டர்ஸ். பொதுக்குழு கூட்ட மண்டபச் செலவே கெடையாது!

பிரான்ஸ்ல ரெண்டு சுத்து. 2024 ஜூன் கடைசில முதல் சுத்துல வலதுசாரி லு பென் கட்சி அணிக்கு மூணுல ஒரு பங்கு ஓட்டு, ஆட்சி கைக்கு வந்துருச்சுன்னே எல்லாரும் நெனச்சாங்க. ரெண்டாவது சுத்துக்கு ஒரு வாரம் இருக்கு, அந்த ஒரு வாரத்துல இடதுசாரியும் மக்ரோன் ஆளுங்களும் 200 பேருக்கு மேல போட்டிலேர்ந்து விலகிக்கிட்டாங்க, எதிர்ப்பு ஓட்டு பிரியக்கூடாதுன்னு. விளைவு, ஓட்டுல முதல் இடத்துல இருந்த அணி சீட்டுல மூணாவது.

ஆஸ்திரியாவுல மத்த மூணு கட்சி முதல்ல பேசி முறிஞ்சது, சரின்னு சுதந்திரக் கட்சித் தலைவர் கிக்ல்கிட்ட வாய்ப்பு குடுத்தாங்க, அவர் உள்துறை எனக்குத்தான்னு புடிவாதம் புடிச்சதுல அதுவும் முறிஞ்சது, அப்புறம் அதே பழைய மூணு பேரும் பயத்துல ஒண்ணு சேந்து 2025 மார்ச்ல ஆட்சி அமைச்சாங்க. கிக்ல் கொஞ்சம் விட்டுக் குடுத்திருந்தா இன்னிக்கு அவர் சான்சலர்.

நம்ம ஊரையும் சொல்லணும் இல்ல, 2025ல மக்கள் செயல் கட்சிக்கு (மசெக) 65.57% ஓட்டு, 97ல 87 சீட். குழுத்தொகுதி முறைல ஜெயிக்கற அணி மொத்தத்தயும் எடுத்துக்கும், பிரிட்டன்ல லேபர் கட்சி 33.7% வச்சு 411 சீட் வாங்குனதுக்கும் இதுக்கும் கணக்கு ஒரே குடும்பம்தான், அதிக ஓட்டு வாங்குனவருக்கே சீட்டுங்கற முறை நமக்கு வந்ததே அங்கேர்ந்துதானே.

கேள்வி: 62 வயச 64 ஆக்குனதுக்கு பிரெஞ்சுக்காரங்க ஊரையே கொளுத்துனாங்க. நான் 66 வயசுல இன்னும் செக்யூரிட்டி வேலை பாக்கறேன். அவங்களுக்கு என்ன அவ்ளோ கொழுப்பு? (பிடோக் வாசகர்)

ஐயா, உங்க கோவம் புரியுது, ஆனா ரெண்டு ஊர்க் கணக்கும் ஒண்ணு இல்ல. நமக்கு சிபிஎஃப்ங்கற கட்டாயச் சேமிப்புல நம்ம பேர்ல தனிக் கணக்கு, நம்ம காசு நமக்கு. பிரான்ஸ்ல இன்னிக்கு வேலை பாக்கறவன் சம்பளத்துல புடிக்கற காச இன்னிக்கே ஓய்வுல இருக்கறவங்களுக்கு குடுத்துடறாங்க, உண்டியல்னு ஒண்ணு இல்ல. வேலை பாக்கறவங்க நெறைய, வயசானவங்க கம்மின்னு இருந்த காலத்துல இது அருமையா ஓடுச்சு, 1980கள்ல அதிபர் மித்தரான் ஓய்வு வயச 60க்கே எறக்குனார். அப்புறம் புள்ள பொறப்பு கொறைய, ஆயுசு கூட, இப்ப நாட்டோட மொத்த உற்பத்தில ஏழுல ஒரு பங்கு கிட்ட ஓய்வூதியத்துக்கே போகுது. 2010ல சர்கோஸி 62 ஆக்குனப்பவும் தெருவுலதான் நின்னாங்க.

2023ல நடந்தது வேற, அங்க பிரச்சனை வயசு மட்டும் இல்ல, செஞ்ச விதம். நாடாளுமன்றத்துல ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சதும் அரசியல் சட்டத்துல 49.3ன்னு ஒரு பிரிவு இருக்கு அத எடுத்தாங்க, ஓட்டெடுப்பே வேணாம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஜெயிக்காத வரைக்கும் சட்டம் பாஸ். தீர்மானம் 9 ஓட்டுல தோத்துச்சு. சாதாரண ஆளுக்கு என்ன தோணும், நான் ஓட்டு போட்டு அனுப்புன ஆளுக்கு ஓட்டு போடற வேலை கூட இல்லயான்னுதான் தோணும். கொளுத்துனத நான் சரின்னு சொல்லல, கோவம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்றேன்.

அதுக்கப்புறம் அந்த ஊர்ல பிரதமர் நாற்காலி இசை நாற்காலி ஆயிருச்சு. மிஷெல் பார்னியே மூணு மாசத்துல 2024 டிசம்பர்ல கவுந்தார், 1962க்கு அப்புறம் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துல ஒரு அரசு விழுந்தது அதான் முதல் தடவை. அடுத்து பய்ரூ, 44 பில்லியன் யூரோ மிச்சம் புடிக்கணும், அதுக்கு ரெண்டு பொது விடுமுறைய வெட்டறேன்னார், ஈஸ்டர் திங்கள், மே 8. நம்ம ஊர்ல யாராவது தீபாவளி லீவ எடுக்கறேன்னு சொன்னா எப்படி இருக்கும்? 364க்கு 194னு தோத்துப் போனார். அடுத்து லுகோர்னு, பதவி ஏத்து நாலு வாரத்துல ராஜினாமா, நாலு நாள் கழிச்சு மறுபடி அவரையே போட்டார் மக்ரோன். அவர் பொழைச்சது எப்படின்னா, 2025 கடைசில அந்த 64 வயசு சட்டத்தயே அடுத்த அதிபர் தேர்தல் தாண்டற வரைக்கும் நிறுத்தி வச்சார். ஆக இவ்ளோ ரகளைக்கு அப்புறம் வண்டி கெளம்புன எடத்துக்கே கிட்டத்தட்ட வந்து நிக்குது.

இதே விஷயத்த டென்மார்க்ல பாருங்க. சராசரி ஆயுசு கூடக் கூட ஓய்வு வயசும் தன்னால கூடும்னு 2006லயே கட்சிகள் பேசி முடிச்சிட்டாங்க, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பாத்து ஏத்துவாங்க. 2025 மே மாசம், 2040ல 70 வயசுன்னு சட்டம் வந்துச்சு. முணுமுணுப்பு இருந்துச்சு, கூரை வேலை, கொத்து வேலை பாக்கறவங்க எங்க ஒடம்பு 70 வரைக்கும் தாங்குமான்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி, ஆனா ஊர் எரியல. நமக்கும் 2026 ஜூலைலேர்ந்து ஓய்வு வயசு 64, மறுவேலை வயசு 69ன்னு முன்னாடியே சொல்லி, முதலாளிங்க, தொழிற்சங்கம் எல்லாத்தயும் ஒக்கார வச்சு பேசித்தான் ஏத்துறாங்க. உங்களுக்கு 66ல இரவு ஷிஃப்ட் போடறவங்கள பத்தி எனக்கு வேற கருத்து இருக்கு ஐயா, அத இன்னொரு நாள் எழுதறேன்.

கேள்வி: 27 நாடு இருக்கற ஐரோப்பிய ஒன்றியத்துல ஒரே ஒரு நாடு வேணாம்னா எல்லாமே நிக்குமா? என்ன கூத்து இது? (தேக்கா கடைக்காரர்)

எல்லாமே இல்ல. சந்தை, சுற்றுச்சூழல் மாதிரி நெறைய விஷயத்துக்கு 55% நாடு ஒத்துக்கிட்டு, அந்த நாடுகள்ல ஒன்றியத்து மக்கள்தொகைல 65% இருந்தா போதும். வெளியுறவு, வரி, புது நாட்ட சேக்கறது, இதுக்கெல்லாம்தான் எல்லாரும் தலையாட்டணும், அங்கதான் மாட்டும். 2023 டிசம்பர் 14ல உக்ரைன சேக்கற பேச்ச ஆரம்பிக்கலாமான்னு முடிவு பண்ண வேண்டிய நேரம், அப்ப ஹங்கேரி பிரதமரா இருந்த ஓர்பான் முடியவே முடியாதுன்னு இருந்தார். ஜெர்மன் சான்சலர் ஷோல்ஸ், நீங்க கொஞ்சம் வெளில போய் காப்பி குடிச்சிட்டு வாங்களேன்னு சொல்ல, இவரும் எந்திரிச்சு போயிட்டார், அறைல இருந்த 26 பேரும் பாஸ் பண்ணிட்டாங்க. திரும்பி வந்து அதே ராத்திரி 50 பில்லியன் யூரோ உதவிய தடுத்தார், அது பிப்ரவரில தீந்துச்சு. இவ்ளோ பெரிய ஒன்றியம் ஒரு காப்பிலதான் தப்பிச்சது அண்ணே.

கேள்வி: குடியேறிகள் பிரச்சனைய உருப்படியா தீத்த நாடு எது? (செங்காங் வாசகர்)

யாரும் இல்ல. ஆனா ஒவ்வொருத்தரும் எப்படி சமாளிக்கறாங்கன்னு பாத்தா சுவாரசியமா இருக்கும்.

அடிப்படைச் சிக்கல் ஒண்ணு இருக்கு. அகதி முதல்ல எந்த நாட்டுல கால் வைக்கறாரோ அந்த நாடுதான் பொதுவா பொறுப்புங்கறது விதி. படகு வர்றது இத்தாலி, கிரீஸ், மால்டா, ஸ்பெயின். அவங்க நாங்க மட்டும் ஏன் சுமக்கணும்ங்கறாங்க, வர்றவங்களோ அங்க நிக்காம ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் நடந்து போயிடறாங்க, 2015ல ஜெர்மனிக்கு மட்டும் ஏறக்குறைய 9 லட்சம் பேர். பகிர்ந்துக்கலாம்னு 2024ல புது ஒப்பந்தம் போட்டாங்க, ஹங்கேரி ஒத்துக்கல, அகதிச் சட்டத்த மதிக்காததுக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 200 மில்லியன் யூரோ அபராதமும் அதுக்கு மேல தெனம் ஒரு மில்லியனும் போட்டுச்சு.

டென்மார்க்ல கடுமை காட்டுனது வலதுசாரி இல்ல, தொழிலாளர் பக்கத்து சமூக ஜனநாயகக் கட்சி. அதோட தலைவர் மெட்டே ஃபிரெட்ரிக்ஸன் அந்த வழிய புடிச்சார், அங்க இருந்த வலதுசாரி மக்கள் கட்சி 2015ல 21% வாங்குனது 2022ல 2.6%க்கு வந்துருச்சு. அத பாத்து ஐரோப்பா முழுக்க இடதுசாரிக் கட்சிக்காரங்க கோபன்ஹேகனுக்கு பாடம் படிக்கப் போனாங்க. ஆனா அதே கோபன்ஹேகன் நகராட்சிய 2025 நவம்பர்ல அந்தக் கட்சி நூறு வருஷத்துல முதல் தடவையா இழந்துச்சு, நகரத்து இளைஞர்கள் வேற பக்கம் போயிட்டாங்க. ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் ஒழுகுது.

மெலோனிய பாருங்க, எனக்கு இதுதான் ரொம்ப புடிச்ச உதாரணம். படகுல வர்றவங்கள அல்பேனியாவுல கட்டுன முகாமுக்கு அனுப்புவேன்னு ஊரக் கூட்டி சொன்னாங்க, நீதிமன்றம் தடுத்து தடுத்து முகாம் காத்து வாங்குச்சு. அதே மெலோனி அரசு 2023லேர்ந்து 2025 வரைக்கும் நாலரை லட்சம் வேலை விசாவுக்கு அனுமதி குடுத்துச்சு, அடுத்த மூணு வருஷத்துக்கு இன்னும் ஏறக்குறைய 5 லட்சம். தக்காளி பறிக்கவும் வயசானவங்கள பாத்துக்கவும் ஆள் வேணுமே. மைக்ல ஒரு பேச்சு, ஃபைல்ல ஒரு பேச்சு.

ஸ்பெயின்ல பிரதமர் சான்செஸ் ஒருத்தர்தான் வெளிப்படையாவே ஆள் வேணும்னு பேசறார், 2024ல பொருளாதாரம் 3%க்கு மேல வளந்துச்சு, வர்றவங்கள்ல நெறைய பேர் தென் அமெரிக்காலேர்ந்து வர்றதால மொழித் தடையும் இல்ல. இருந்தும் வோக்ஸ்ங்கற வலதுசாரிக் கட்சி அங்கயும் ஏறிக்கிட்டேதான் இருக்கு.

நம்மள இதோட ஒப்பிடாதீங்க. நாம அகதி ஒப்பந்தத்துல கையெழுத்தே போடல, வேலைக்கு வர்றவங்களுக்கு ஒதுக்கீடு, லெவி, பெர்மிட் காலாவதி தேதின்னு எல்லாத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஐரோப்பாவுல ஒரு தடவை உள்ள வந்தவருக்கு நீதிமன்றத்துல உரிமை இருக்கு, அதனால மந்திரி நெனச்ச வேகத்துல எதுவும் நடக்காது. இதுல எது மனுஷத்தனம்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

கேள்வி: அங்க இளைஞர்கள் எல்லாம் ஒரே விஷயத்துக்கு கோவப்படறாங்கன்னா அது எது? (புவாங்கோக் வாசகி)

வாடகைதான் அக்கா, வேற என்ன. லிஸ்பன், டப்ளின், ஆம்ஸ்டர்டாம், பார்சிலோனா, எங்க போனாலும் முப்பது வயசு ஆளு அம்மா வீட்ல இருக்கான். பார்சிலோனால 2024 ஜூலைல சுற்றுலாப் பயணிங்க மேல தண்ணித் துப்பாக்கி அடிச்சாங்க, பத்தாயிரம் சுற்றுலா அபார்ட்மென்ட் உரிமத்த 2028 நவம்பருக்குள்ள நிறுத்திடறேன்னு மேயரே சொல்லியிருக்கார். நெதர்லாந்துல டி66 தலைவர் யெட்டன் பத்து புது ஊர் கட்டறேன்னே பிரச்சாரம் பண்ணார். தப்பிச்ச ஊர் வியன்னா, 1920கள்லேர்ந்து நகராட்சியே வீடு கட்டுது, இன்னிக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் நகராட்சி வீடு, வாடகைதான், வாங்க முடியாது. நம்ம வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்க பாத்து வளந்தவங்களுக்கு அங்க 1930ல தெறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் கட்டடத்த பாத்தா கண்ணு விரியும், ஒரே கட்டடம் ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளம்.

கேள்வி: ருமேனியாவுல டிக்டாக்னால தேர்தலையே ரத்து பண்ணிட்டாங்களாம். இது ஜனநாயகமா? (தோ பாயோ வாசகர்)

2024 நவம்பர் 24, அதிபர் தேர்தல் முதல் சுத்து. கருத்துக்கணிப்புல பெருசா பேரே அடிபடாத காலின் ஜார்ஜெஸ்கு கிட்டத்தட்ட 23% வாங்கி முதல் இடம். பிரச்சாரச் செலவு பூஜ்யம்னு கணக்கு குடுத்தவர், ஆனா டிக்டாக் முழுக்க அவர் வீடியோ. வெளிநாட்டுத் தலையீடுன்னு உளவுத்துறை அறிக்கை வந்துச்சு, டிசம்பர் 6ல அரசியல் சட்ட நீதிமன்றம் மொத்தத்தயும் ரத்து பண்ணிருச்சு, அந்த நேரம் வெளிநாட்டு ருமேனியர்கள் ரெண்டாவது சுத்துக்கு ஓட்டு போட ஆரம்பிச்சிருந்தாங்க. எனக்கு அது உறுத்தல்தான். சந்தேகம் இருந்தா முன்னாடியே புடிக்கணும், ஓட்டு எண்ணி முடிச்ச பிறகு ஆட்டத்த கலைச்சா ஜெயிக்கறவர் யாரா இருந்தாலும் அதே சந்தேகம் அவர் மேலயும் விழும். 2025 மே மாசம் நடந்த மறு தேர்தல்ல புக்காரெஸ்ட் மேயர் நிக்குஷோர் டான் ஜெயிச்சார், கணித ஒலிம்பியாட்ல ரெண்டு தடவை முழு மார்க் வாங்கி தங்கம் வாங்குனவர். டியூஷனுக்கு அலையற நம்ம ஊர் பெற்றோருக்கு ஒரு தகவல்!

இங்க 2024 அக்டோபர்லயே தேர்தல் நேரத்துல வேட்பாளர் மாதிரி டீப்ஃபேக் வீடியோ போடறத தடை பண்ணி சட்டம் கொண்டு வந்துட்டாங்க. அது போதுமான்னு கேட்டா, போலி வீடியோவுக்கு போதும். ஜார்ஜெஸ்கு பேசுனது போலி இல்லயே, அவரே பேசுனது, பிரச்சனை யாருக்கு எத்தன தடவை அது போய் சேந்துச்சுங்கறதுதான்.

கேள்வி: தேம்ஸ் நதிக்கரைல ஒரு சிங்கப்பூர்னு பிரிட்டன்காரங்க அடிக்கடி சொல்றாங்களே, நம்மள பாராட்டறாங்களா? (கிளமெண்டி வாசகர்)

பாராட்டறதா நெனச்சுக்கிட்டுதான் சொல்றாங்க. பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் ஒரு கோஷ்டிக்கு அது மந்திரம் மாதிரி, வரிய கொறை, விதிய எடு, அரசாங்கம் ஒதுங்கி நிக்கட்டும், தானா சிங்கப்பூர் ஆயிடும்னு. அத செஞ்சு பாக்கப் போனவங்கதான் பிரதமரா இருந்த லிஸ் டிரஸ். 2022 செப்டம்பர் 23ல கிட்டத்தட்ட 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பு, அந்த காசு எங்கேர்ந்து வரும்னு ஒரு வரி கெடையாது. மூணு நாள்ல பவுண்டு 1.03 டாலர் பக்கம் போச்சு, ஓய்வூதிய நிதிங்க ஆடிப் போய் இங்கிலாந்து மத்திய வங்கியே கடன் பத்திரத்த வாங்கி காப்பாத்துச்சு. ஒரு பத்திரிகை கீரைக்கட்டு ஒண்ண, லெட்டஸ்தான், கேமரா முன்னாடி வச்சு, இதுவா டிரஸ் பதவியா, எது முதல்ல வாடும்னு நேரலை போட்டுச்சு, லெட்டஸ் ஜெயிச்சது. டிரஸ் பதவில இருந்தது 49 நாள்.

இதுல பிரிட்டன் முறையோட வசதியும் தெரியும், கட்சித் தலைவர மாத்துனா பிரதமர் மாறிடுவார், தேர்தல் வேணாம், அதனாலதான் 2016லேர்ந்து 2022க்குள்ள கேமரன், மே, ஜான்சன், டிரஸ், சுனாக்னு அஞ்சு பேர். ஜெர்மனில சான்சலர எறக்கணும்னா அடுத்தவர் பேர அதே தீர்மானத்துல எழுதி ஜெயிக்கணும், 1982ல கோல் வந்தது ஒண்ணுதான் அப்படி ஜெயிச்சது.

சிங்கப்பூர் கதைக்கு வர்றேன். நம்ம ஊர்ல முக்கால்வாசிக்கு மேல ஜனங்க அரசு கட்டுன வீட்ல இருக்காங்க, நெலத்துல பெரும்பங்கு அரசு கைல, சம்பளத்துல ஒரு பங்க கேக்காமலே சிபிஎஃப்க்கு எடுத்துடறாங்க, கார் வாங்கணும்னா சிஓஇங்கற உரிமச் சான்றிதழுக்கு ஏலம் கேக்கணும். அரசாங்கம் ஒதுங்கி நிக்கற ஊராமா இது! தேம்ஸ் கரைல நெசமாவே சிங்கப்பூர கட்டணும்னா லண்டன் நெலத்த பூரா அரசு எடுத்துக்கணும்னுதான் டிரஸ் அறிவிச்சிருக்கணும், அப்ப அவங்க கட்சிக்காரங்க 49 நாள் கூட விட்டு வச்சிருக்க மாட்டாங்க.